திருமணம் செய்யாத பெற்றோர், இரண்டு நாடுகள், ஒரு குழந்தை: வளர்ப்புரிமைக்கான முழுமையான வழிகாட்டி

திருமணமான தம்பதியருக்குப் பெரும்பாலான நாடுகளின் சட்டம் கேட்காமலேயே கொடுத்துவிடும் ஓர் உரிமையை, திருமணம் செய்யாமல் சேர்ந்து வாழ்ந்த பெற்றோரில் ஒருவர், பெரும்பாலும் தந்தை, தனியாகக் கேட்டுப் பெற வேண்டியிருக்கிறது. குழந்தை எந்த நாட்டில், யாருடன் வளர வேண்டும் என்று தீர்மானிப்பதில் பங்குகொள்ளும் உரிமை அது. நீதிமன்றப் பேச்சில் கஸ்டடி என்றும் இந்தக் கட்டுரையில் வளர்ப்புரிமை என்றும் குறிப்பிடப்படுவது. இருவரும் ஒரே வீட்டில் ஒற்றுமையாக இருக்கும் வரை அந்த உரிமை இருக்கிறதா இல்லையா என்று யாரும் பார்ப்பதில்லை. ஒருவர் குழந்தையுடன் தன் தாய்நாட்டுக்கு விமானம் ஏறிவிட்டால், மறுநாள் முதல் நீதிபதி கேட்கும் முதல் கேள்வியே அதுதான்.

இரண்டு வழக்குகளை அருகருகே வைத்துப் பார்த்தால் இது விளங்கும். அயர்லாந்துக்காரரான ஒரு தந்தையும் பிரிட்டிஷ் குடிமகளான ஒரு தாயும் பத்து ஆண்டுகளுக்கும் மேல் திருமணமின்றிச் சேர்ந்து வாழ்ந்து மூன்று குழந்தைகளை வளர்த்தனர். 2008 நவம்பர் முதல் அவர்கள் வீடு அயர்லாந்தில் இருந்தது. உறவு முறிந்ததும் தந்தையின் வழக்கறிஞர்கள் மனுவைத் தயாரித்தனர். ஆனால் அது தாயிடம் முறைப்படி கொடுக்கப்படுவதற்கு முன்பே, 2009 ஜூலையில், அவர் குழந்தைகளுடன் இங்கிலாந்து சென்றுவிட்டார். அன்றைய அயர்லாந்துச் சட்டத்தில் திருமணமாகாத தந்தைக்குத் தானாக வளர்ப்புரிமை கிடையாது. தாயுடன் ஓர் ஒப்பந்தமோ நீதிமன்ற உத்தரவோ வேண்டும். அப்படி ஓர் உத்தரவைக் கேட்பது ஐரோப்பிய அடிப்படை உரிமைகளுக்கு முரணானதல்ல என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2010 அக்டோபர் 5 அன்று தீர்ப்பளித்தது. அதன்படி, குழந்தைகளை அழைத்துச் சென்றது சட்டத்தின் பார்வையில் 'தவறான அகற்றல்', அதாவது மற்றவரின் வளர்ப்புரிமையை மீறி நாட்டைவிட்டுக் கொண்டுசெல்வது, ஆகாது.

மற்றொரு வழக்கில் 2008இல் ஒரு தாய் தன் மகளுடன் ஆஸ்திரேலியாவிலிருந்து லாத்வியாவுக்குச் சென்றார். பிறப்புச் சான்றிதழில் தந்தையின் பெயரே இல்லை. ஆயினும் ஆஸ்திரேலியக் குடும்ப நீதிமன்றம், அவர் தந்தையென்றும், குழந்தை பிறந்தது முதலே பெற்றோர் இருவருக்கும் பொறுப்பு இருந்ததென்றும் தாய் புறப்பட்ட பிறகு அறிவித்தது. ஏனெனில் அந்நாட்டுச் சட்டம் பெற்றோர் மணமானவர்களா என்று பார்ப்பதில்லை. லாத்விய நீதிமன்றங்கள் குழந்தையைத் திருப்பியனுப்ப உத்தரவிட்டன. அயர்லாந்துத் தந்தை பத்தாண்டுகள் உடனிருந்தும் தோற்றதற்கும், ஆஸ்திரேலியாவில் இருந்தவர் சான்றிதழில் பெயரின்றியும் வென்றதற்கும் பாசத்தின் அளவு காரணமல்ல. குழந்தை புறப்பட்ட நாளில் அது வாழ்ந்த நாட்டின் சட்டம் என்ன சொன்னது என்பதே காரணம். கீழே உள்ள படிகளில் முதல் பாதி முழுவதும் அந்த நாள் வருவதற்கு முன் செய்ய வேண்டியவை.

முதல் படி: உங்களிடம் இப்போது என்ன உரிமை இருக்கிறது?

நாடுகளுக்கிடையேயான குழந்தை வழக்குகளின் அடிப்படை, 1980 அக்டோபர் 25ஆம் தேதியிட்ட ஹேக் உடன்படிக்கை. நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகள் இதில் இணைந்துள்ளன. குழந்தை யாரிடம் வளர வேண்டும் என்பதை அது முடிவு செய்வதில்லை. எந்த நாட்டு நீதிமன்றம் அதை முடிவு செய்ய வேண்டும் என்பதற்காகக் குழந்தையை அதன் வழக்கமான வசிப்பிடத்துக்குத் திருப்பியனுப்புவது மட்டுமே அதன் வேலை. அதன் 3ஆம் பிரிவின்படி வளர்ப்புரிமை மூன்று வழிகளில் வரலாம்: சட்டமே நேரடியாகத் தருவது, நீதிமன்றமோ நிர்வாக அமைப்போ தருவது, அந்நாட்டில் சட்ட விளைவுள்ள ஓர் ஒப்பந்தம் தருவது. இந்த மூன்றில் ஒன்றாவது உங்களுக்கு இருக்க வேண்டும்.

குழந்தையை வார இறுதியில் பார்க்கும் சந்திப்புரிமை மட்டும் இருந்தால் திருப்பியனுப்பக் கோர முடியாது. ஆனால் உடன்படிக்கையின் 5ஆம் பிரிவு, குழந்தையின் வசிப்பிடத்தைத் தீர்மானிக்கும் உரிமையை வளர்ப்புரிமையின் பகுதியாகச் சொல்கிறது. 2010இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஒரு பெற்றோரின் சம்மதமின்றிக் குழந்தையை நாட்டைவிட்டு வெளியே கொண்டுசெல்லக் கூடாது என்ற தடுப்புரிமையும் வளர்ப்புரிமையே என்று தீர்ப்பளித்தது. ஆகவே முழுமையான கூட்டுப் பொறுப்பை மறுதரப்பு ஏற்காவிட்டாலும், "இருவரின் எழுத்துப்பூர்வ சம்மதமின்றிக் குழந்தையின் வசிப்பிடத்தை வேறு நாட்டுக்கு மாற்றக் கூடாது" என்ற ஒரே ஒரு வாசகத்தையாவது நீதிமன்ற உத்தரவில் வாங்கிவிடுவது மிகப் பெரிய பாதுகாப்பு. பேச்சுவார்த்தையில் வேறு எதை விட்டுக்கொடுத்தாலும் இதை விட்டுக்கொடுக்க வேண்டாம் என்பது என் கருத்து.

இரண்டாம் படி: அந்தந்த நாட்டின் முறைப்படி உரிமையைப் பதிவு செய்யுங்கள்

இங்கேதான் பலர் தவறிவிடுகிறார்கள். ஏனெனில் ஒரு நாட்டில் போதுமானதாக இருக்கும் ஆவணம் அடுத்த நாட்டில் போதாது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2003 டிசம்பர் 1 முதல் பிறப்பைத் தாயுடன் சேர்ந்து பதிவு செய்து சான்றிதழில் பெயர் பெற்ற தந்தைக்கு, வளர்ப்புரிமையை உள்ளடக்கிய பெற்றோர் பொறுப்பு தானாகவே கிடைக்கிறது. அதற்கு முந்தைய பதிவானாலும், பெயர் விடுபட்டிருந்தாலும், தாயுடன் பெற்றோர் பொறுப்பு ஒப்பந்தம் செய்துகொள்ளலாம், அல்லது 1989ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டத்தின் கீழ் நீதிமன்றத்தை நாடலாம்.

ஜெர்மனியிலோ பிறப்புச் சான்றிதழில் தந்தையின் பெயர் இருப்பது தந்தைமையை மட்டும் நிறுவும், வளர்ப்புரிமையைத் தராது. தாயின் சம்மதத்துடன் தந்தைமையை ஒப்புக்கொள்வது ஒரு செயல், கூட்டு வளர்ப்புரிமை அறிவிப்பு செய்வது வேறொரு செயல். இரண்டாவதை 'யுகண்ட்அம்ட்' எனப்படும் இளையோர் நல அலுவலகத்திலோ நோட்டரியிடமோ இருவரும் கையெழுத்திட்டுச் செய்ய வேண்டும். குழந்தை பிறப்பதற்கு முன்பேகூடச் செய்யலாம். அது நடக்காதவரை தாய்க்கு மட்டுமே உரிமை. தாய் மறுத்தால் தந்தைக்கு வழியே இல்லை என்றிருந்த நிலையை 2009 டிசம்பர் 3 அன்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் பாகுபாடு என்று கண்டது. அதன் விளைவாக 2013 மே 19 முதல் தந்தை நேரடியாகக் குடும்ப நீதிமன்றத்தில் விண்ணப்பிக்கலாம். குழந்தையின் நலனுக்கு முரணாக இருந்தால் ஒழிய நீதிமன்றம் கூட்டு உரிமையை வழங்கும்.

பிரான்சில் ஓராண்டு என்பது எல்லைக்கோடு. குழந்தை பிறந்து ஓராண்டுக்குள் தந்தை ஒப்புக்கொண்டுவிட்டால் இருவரும் சேர்ந்தே பெற்றோர் அதிகாரத்தைச் செலுத்துவர். ஓராண்டு கடந்து ஒப்புக்கொண்டால் தந்தை என்ற நிலை கிடைக்குமே தவிர, கூட்டு அறிவிப்போ நீதிபதியின் முடிவோ இல்லாமல் அதிகாரத்தில் பங்கு கிடைக்காது. அயர்லாந்து 2016 ஜனவரி 18 முதல் தன் சட்டத்தைத் திருத்தியது: அந்த நாளுக்குப் பின் தாயுடன் தொடர்ந்து 12 மாதங்கள், அதில் பிறப்புக்குப் பிந்தைய 3 மாதங்களாவது, சேர்ந்து வாழ்ந்த தந்தை தானாகவே பாதுகாவலராகிறார்.

தமிழர் அதிகம் வாழும் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் வேறொரு கண்ணி இருக்கிறது. அங்கே பெற்றோர் இருவருக்கும், மணமானாலும் ஆகாவிட்டாலும், சமமான உரிமை உண்டு. ஆனால் பிரிந்த பின் குழந்தை ஒருவருடன் வாழ்வதை மற்றவர் வெளிப்படையாகவோ மௌனமாகவோ ஏற்றுக்கொண்டால், ஒப்பந்தமோ உத்தரவோ வேறுவிதமாகச் சொல்லும் வரை அவருடைய முடிவெடுக்கும் உரிமை நிறுத்திவைக்கப்படும். "சண்டை வேண்டாம், கொஞ்ச நாள் போகட்டும்" என்று பொறுத்திருப்பது அங்கே சட்ட விளைவுள்ள செயல். அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலமும் தனி உலகம். உதாரணமாக ஒஹாயோவில் நீதிமன்றம் வேறு உத்தரவிடும் வரை திருமணமாகாத தாய் மட்டுமே குழந்தையின் பொறுப்பாளர்.

நாடு மாறினால் பெற்ற உரிமை போய்விடுமோ என்ற அச்சத்துக்கு 1996ஆம் ஆண்டின் மற்றொரு ஹேக் உடன்படிக்கை விடையளிக்கிறது. அதில் இணைந்த நாடுகளுக்கிடையே, ஒரு நாட்டின் சட்டப்படி கிடைத்த பெற்றோர் பொறுப்பு வசிப்பிடம் மாறினாலும் தொடரும். இங்கிலாந்தில் சான்றிதழ் மூலம் பொறுப்பு பெற்ற தந்தை குடும்பத்துடன் ஜெர்மனிக்குக் குடிபெயர்ந்தால் புதிய அறிவிப்பு இல்லாமலே அதை வைத்துக்கொள்கிறார். அமெரிக்கா இதில் கையெழுத்திட்டும் உறுதிப்படுத்தவில்லை. இந்தியா சேரவே இல்லை.

மூன்றாம் படி: வழக்கமான வசிப்பிடத்துக்குச் சான்று சேருங்கள்

குழந்தையின் குடியுரிமையும் பாஸ்போர்ட்டும் எந்த நாட்டினுடையவை என்பது இங்கே முக்கியமல்ல. அது உண்மையில் எங்கே வாழ்ந்தது என்பதே முக்கியம். அமெரிக்க மாநிலங்கள் தங்களுக்குள்ளும் வெளிநாடுகளுடனும் அதிகார வரம்பைத் தீர்மானிக்க, வழக்குக்கு முந்தைய 6 மாதங்கள் குழந்தை வாழ்ந்த இடத்தைப் பார்க்கின்றன. ஹேக் உடன்படிக்கையில் அப்படி ஓர் எண் இல்லை. 2020இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், பெற்றோரிடையே உடன்பாடு இருந்ததா என்பதை மட்டும் பார்க்காமல் எல்லாச் சூழ்நிலைகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்றது.

எனவே தடுப்பூசி அட்டை, குழந்தைகள் காப்பகம் அல்லது பள்ளிச் சேர்க்கை, வாடகை ஒப்பந்தம், மருத்துவப் பதிவு ஆகியவற்றின் நகல்களை வீட்டுக்கு வெளியேயும் ஓரிடத்தில் வைத்திருங்கள். பிரசவத்துக்காகவோ தாத்தா பாட்டியைப் பார்க்கவோ வேறு நாட்டுக்குப் போவதாக இருந்தால், எதற்காக, எந்தத் தேதி வரை என்று இருவரும் எழுதிக் கையெழுத்திட வேண்டும். திரும்பும் தேதியில்லாத சம்மதக் கடிதம் பிற்பாடு நிரந்தரமாகக் குடியேறச் சம்மதம் கொடுத்ததற்கான சான்றாகக் காட்டப்படும்.

நான்காம் படி: பாஸ்போர்ட்

இரண்டு நாட்டுப் பெற்றோரின் குழந்தைக்கு இரண்டு பாஸ்போர்ட்டுகள் இருக்கலாம் அல்லது கிடைக்கலாம் என்பதால், ஒன்றை அலமாரியில் பூட்டி வைப்பது பாதுகாப்பாகாது. அமெரிக்கா 16 வயதுக்குட்பட்ட குழந்தையின் பாஸ்போர்ட்டுக்குப் பொதுவாக இரு பெற்றோரின் சம்மதத்தையும் கேட்கிறது. யாராவது விண்ணப்பித்தால் தகவல் தரும் எச்சரிக்கைத் திட்டத்தில் பெற்றோர் பதிவு செய்துகொள்ளலாம். மற்ற நாட்டின் தூதரகத்துக்கு நீதிமன்ற உத்தரவின் நகலுடன் கடிதம் எழுதலாம், ஆனால் அதற்குக் கட்டுப்பட வேண்டிய கடமை தூதரகத்துக்கு இல்லை. ஆபத்து உடனடியானது என்றால் இங்கிலாந்தில் பாஸ்போர்ட்டுகளை ஒப்படைக்கும் உத்தரவையும், காவல்துறை மூலம் துறைமுக, விமான நிலைய எச்சரிக்கையையும் பெறலாம். பிரான்சில் மாவட்ட நிர்வாகமான பிரிஃபெக்சரே குறுகிய காலத்துக்கு அவசரத் தடை போடும்.

இந்தியத் தொடர்புள்ள பெற்றோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. வெளிநாட்டில் பிறந்த குழந்தையை இந்தியக் குடிமகனாகப் பதிவு செய்ய வேண்டுமானால் பொதுவாக ஓராண்டுக்குள் தூதரகத்தில் பதிய வேண்டும். குழந்தை வேறு நாட்டு பாஸ்போர்ட் வைத்திருக்கவில்லை என்ற உறுதிமொழியும் தர வேண்டும்.

ஐந்தாம் படி: ஒப்பந்தம், பிறகு உத்தரவு, பிறகு மறுநாட்டில் அதே உத்தரவு

உறவு நன்றாக இருக்கும்போதே, அல்லது கௌரவமாகப் பிரியும்போதே, ஒரு ஒப்பந்தம் எழுதிவிடுவது நல்லது. குழந்தையின் வழக்கமான வசிப்பிடம் எது, விடுமுறைகள் எப்படிப் பிரியும், விமானச் செலவு யாருடையது, வீடியோ அழைப்பு எத்தனை முறை, எந்த மொழிகளில் கல்வி, ஜீவனாம்சம் எவ்வளவு, எந்த நாணயத்தில் என்பவை அதில் இருக்க வேண்டும். நாடு தாண்டிய வழக்குகளுக்கு எனப் பயிற்சி பெற்ற சமரசர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள்.

ஆனால் வெறும் கையெழுத்துக் காகிதத்துக்குப் பல நாடுகளில் சட்ட விளைவு குறைவு. அதைக் குழந்தை வாழும் நாட்டு நீதிமன்றத்தில் தாக்கல் செய்து உத்தரவாக மாற்ற வேண்டும். பின் மற்ற நாட்டில் அதே வாசகங்களுடன் ஒரு கண்ணாடி உத்தரவு பெற வேண்டும், அல்லது இரு நாடுகளும் 1996 உடன்படிக்கையில் இருந்தால் முன்கூட்டியே அங்கீகாரம் கோர வேண்டும். இரு நாட்டிலும் ஒவ்வொரு குடும்பச் சட்ட வழக்கறிஞர் தேவைப்படும் இடம் இதுதான்.

ஆறாம் படி: நீங்கள் குழந்தையுடன் ஊர் திரும்ப விரும்பினால்

இதுவரை சொன்னவை விட்டுச்செல்லப்பட்டவரை நோக்கி எழுதப்பட்டவை. அந்நிய நாட்டில் துணையின்றி, வேலையின்றி, விசா காலாவதியாகும் நிலையில் இருக்கும் தாய்க்குத் தாய்நாடு திரும்புவதே ஒரே வழியாகத் தோன்றலாம். மறுதரப்புக்குச் சட்டப்படி உரிமை இருக்கிறதா என்பதை அந்நாட்டு வழக்கறிஞரிடம் முதலில் உறுதி செய்யுங்கள். உரிமை இல்லையென்றால் பயணத்துக்குத் தடையில்லாமல்கூட இருக்கலாம். இருந்தால், எழுத்துப்பூர்வ சம்மதமோ நீதிமன்ற அனுமதியோ இல்லாமல் புறப்படாதீர்கள். பல நாடுகளில் அது குற்றமும்கூட. இங்கிலாந்தில் 1984ஆம் ஆண்டின் குழந்தைக் கடத்தல் சட்டம் பொருந்தும்.

குடும்ப வன்முறை இருந்தால் பாதுகாப்பு உத்தரவு, காவல் புகார், மருத்துவச் சான்று, காப்பகப் பதிவு ஆகியவற்றை அந்த நாட்டில் இருக்கும்போதே பெறுங்கள். எல்லை தாண்டிய பின் அவற்றைச் சேகரிப்பது மிகக் கடினம். ஆனால் பின்னால் வழக்கு நடந்தால் முழு எதிர்வாதமும் அவற்றின் மீதுதான் நிற்கும்.

ஏழாம் படி: குழந்தை கொண்டுசெல்லப்பட்டுவிட்டால்

முதலில், மறுதரப்புக்கு எழுதும் ஒவ்வொரு குறுஞ்செய்தியிலும் கவனம் வேண்டும். "சரி, அங்கேயே இருங்கள், பிறகு பேசுவோம்" என்று சமாதானத்துக்காக எழுதிய ஒரு வரி, ஏற்றுக்கொண்டதற்கான சான்றாகிவிடும். சம்மதம் தரவில்லை, திரும்பி வர வேண்டும் என்பதை மென்மையாக, ஆனால் தெளிவாக எழுதுங்கள்.

அடுத்து, உங்கள் நாட்டின் மத்திய அதிகார அமைப்பிடம் விண்ணப்பியுங்கள். ஒவ்வோர் உறுப்பு நாட்டிலும் இதற்கென ஒன்று உண்டு, ஜெர்மனியில் அது பான் நகரிலுள்ள கூட்டாட்சி நீதி அலுவலகம். விண்ணப்பத்துடன் முழு பிறப்புச் சான்றிதழ், தந்தைமை ஒப்புதல், ஒப்பந்தங்கள், உத்தரவுகள், குழந்தையின் புகைப்படம், வசிப்பிடச் சான்றுகள், மொழிபெயர்ப்புகள் ஆகியவை போக வேண்டும். திருமணமாகாதவர் கூடுதலாக இணைக்க வேண்டியது, உரிமை எந்தச் சட்டப் பிரிவிலிருந்து வருகிறது என்று விளக்கும் வழக்கறிஞரின் உறுதிமொழிப் பத்திரம். சந்தேகம் எழுந்தால், உடன்படிக்கையின் 15ஆம் பிரிவின் கீழ், அகற்றல் தவறானது என்ற அறிவிப்பை வசிப்பிட நாட்டு நீதிமன்றத்திடம் கோரலாம். முதலில் சொன்ன இரு வழக்குகளிலும் முடிவு அப்படிப்பட்ட அறிவிப்பைச் சுற்றியே அமைந்தது.

உடன்படிக்கை 16 வயது வரையுள்ள குழந்தைகளுக்கே பொருந்தும். ஓராண்டுக்குள் நடவடிக்கை தொடங்கினால் திருப்பியனுப்புவது விதி. அதற்குப் பின் குழந்தை புதிய இடத்தில் வேரூன்றிவிட்டது என்று காட்டி மறுக்கலாம். இந்த ஓராண்டு, குழந்தை இருக்கும் நாட்டின் நீதிமன்றத்தில் வழக்கு தொடங்கும் நாள் வரை கணக்கிடப்படுகிறது. உங்கள் ஊர் அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுத்த நாள் வரை அல்ல. ஆகவே கோப்பு எங்கே நிற்கிறது என்று தொடர்ந்து விசாரியுங்கள்.

செலவிலும் வேறுபாடு பெரிது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் திருப்பியனுப்பக் கோருபவருக்கு வருமானம் பாராமல் இலவச சட்ட உதவி உண்டு; அமெரிக்கா அந்தச் செலவை ஏற்பதில்லை என்று விலக்கு பதிவு செய்திருக்கிறது. ஆறு வாரங்களில் முடிவு என்பது உடன்படிக்கையின் இலக்கு, ஆனால் மேல்முறையீடுகளுடன் பல மாதங்கள் நீள்வது வழக்கம்.

எதிர்வாதங்கள் சிலவே: நீங்கள் உரிமையை உண்மையில் செலுத்தவில்லை, சம்மதித்தீர்கள், முதிர்ச்சியுள்ள குழந்தையே மறுக்கிறது, அல்லது திரும்பினால் கடுமையான ஆபத்து. கடைசியானதே அதிகம் வாதிடப்படுவது. லாத்விய வழக்கு இங்கே மீண்டும் பேசப்படுகிறது: 2013 நவம்பர் 26 அன்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பெரும் அமர்வு, தாய் அளித்த உளவியல் நிபுணர் சான்றை லாத்விய நீதிமன்றங்கள் ஆராயவே மறுத்தது குடும்ப வாழ்வுரிமை மீறல் என்று 9க்கு 8 என்ற வாக்கில் தீர்ப்பளித்தது. ஆபத்து பற்றிய வாதத்தை நீதிபதி ஏற்க வேண்டியதில்லை, ஆனால் பார்க்காமல் ஒதுக்கவும் கூடாது.

குற்றவியல் புகார் கொடுப்பதற்கு முன் ஒருமுறை யோசியுங்கள். திரும்பினால் தாய் கைதாவார் என்ற நிலை இருந்தால், குழந்தை தாயைப் பிரிய நேரும் என்பதே திருப்பியனுப்புவதற்கு எதிரான வாதமாகிவிடும். குழந்தையைத் திரும்பப் பறித்துவருவதோ எந்த நிலையிலும் வேண்டாம்.

எட்டாம் படி: இந்தியாவும் இலங்கையும்

இலங்கை 2001ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் 1980 உடன்படிக்கையை நடைமுறைப்படுத்தியது. ஆனால் பிற்காலத்தில் இணைந்த நாடுகளின் விஷயத்தில், மற்ற நாடு அந்த இணைவை ஏற்றுக்கொண்டிருந்தால்தான் இருவருக்குமிடையே உடன்படிக்கை செயல்படும். இந்த உடன்படிக்கைகளை உருவாக்கிய அமைப்பான ஹேக் மாநாடு வெளியிடும் உறுப்பு நிலைப் பட்டியலில் இதை முதலில் சரிபார்க்க வேண்டும். சிங்கப்பூர் உறுப்பு நாடு. மலேசியா உறுப்பு நாடல்ல.

இந்தியாவும் உறுப்பு நாடல்ல. 2009இலும் 2016இலும் சட்ட ஆணையத்தின் அறிக்கைகளும், 2016இல் ஒரு வரைவு மசோதாவும் வந்தன, சட்டமாகவில்லை. இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட குழந்தைக்காக வெளிநாட்டுப் பெற்றோர் நடைமுறையில் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடுகிறார், அல்லது 1890ஆம் ஆண்டின் பாதுகாவலர் மற்றும் காப்பிலுள்ளோர் சட்டத்தின் கீழ் மனு செய்கிறார். வெளிநாட்டு உத்தரவு கவனிக்கத்தக்க ஓர் அம்சம் மட்டுமே, குழந்தையின் நலனே மேலானது என்று உச்ச நீதிமன்றம் 2017இல் நித்யா ஆனந்த் ராகவன் வழக்கில் கூறியது. 2020இல் யஷிதா சாஹு வழக்கில் அதே நீதிமன்றம், தாய் அழைத்துவந்த குழந்தையை அமெரிக்காவுக்குத் திருப்பி அழைத்துச்செல்ல உத்தரவிட்டது. எனவே முடிவு வழக்குக்கு வழக்கு மாறும்.

இவை மணமான பெற்றோரின் வழக்குகள். மணமாகாத வெளிநாட்டுத் தந்தைக்கு மேலும் ஒரு தடை உண்டு: இந்து சிறார் மற்றும் பாதுகாவலர் சட்டத்தின் 6ஆம் பிரிவின்படி, திருமணத்துக்கு வெளியே பிறந்த குழந்தையின் இயற்கைப் பாதுகாவலர் தாய், அவருக்குப் பின்பே தந்தை. 2015இல் உச்ச நீதிமன்றம், மணமாகாத தாய் பாதுகாவலராகக் கோரும்போது தந்தைக்கு அறிவிப்பு அனுப்பவோ அவர் பெயரை வெளியிடவோ கட்டாயமில்லை என்றும் தீர்ப்பளித்தது. தாய் இந்தியராக இருந்தால், குழந்தை முன்பு வாழ்ந்த நாட்டில் தந்தை பெற்ற உத்தரவே அவர் கையிலுள்ள வலுவான ஆவணம். அதை இந்தியப் பயணத்துக்கு முன்பே பெற்றிருக்க வேண்டும். தலைகீழான நிலையிலும் இதுவே உண்மை. இந்தியாவிலிருந்து குழந்தை வெளிநாட்டுக்குக் கொண்டுசெல்லப்பட்டால் இங்குள்ள பெற்றோருக்கு ஹேக் வழி திறக்காது. இந்திய நீதிமன்ற உத்தரவுடன் அந்த நாட்டு நீதிமன்றத்தில் நேரடியாக வழக்காட வேண்டும்.

திரும்பி வந்த பிறகு

திருப்பியனுப்பும் உத்தரவு வளர்ப்புரிமைத் தீர்ப்பல்ல என்று உடன்படிக்கையே சொல்கிறது. வென்றவர் உடனே வசிப்பிட நாட்டில் வளர்ப்புரிமை வழக்கைத் தொடங்க வேண்டும். அங்கே தாய்க்கே குழந்தையுடன் ஊர் திரும்ப அனுமதி கிடைப்பதும் நடக்கக் கூடியதே. அப்படி நேர்ந்தால் சந்திப்புரிமையை விரிவாக, விடுமுறைத் தேதிகள், பயணத்துணை, வீடியோ அழைப்பு நேரம் ஆகியவற்றுடன் உத்தரவில் எழுதிவாங்கி, தாய் போகும் நாட்டில் அதற்குக் கண்ணாடி உத்தரவு வந்த பிறகே பாஸ்போர்ட்டை விடுவிக்குமாறு நீதிபதியைக் கேட்க வேண்டும்.